என்கிற

பாளையங்கோட்டை கோர்ட்டு வளாகத்தில்
சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் அறை.
பலகையில் இலவச சட்ட உதவி என்று இருக்கும்.
இலவசத்தின் மேல் யாரோ பால்பாயிண்டில்
ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள்.
நானும் அழிக்கவில்லை.

அவன் வந்த அன்று கரண்டு இல்லை.
வயது இருபத்திரண்டு. பேட்டை ஐடிஐ, வயர்மேன்.
சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே நின்றான்.
"எவ்வளவு ஆகும் மேடம்?"
ஒன்றும் ஆகாது என்றேன்.
கை வெளியே வரவில்லை.
காசு கொடுக்காமல் இதுவரை அவனுக்குக் கிடைத்தது
ஸ்டேஷனில் கிடைத்தது மட்டும்தான்.

பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை.
எண்பது மீட்டர் ஏணி ஏறி இறங்கிக் காட்டிவிட்டான்.
மூச்சு வாங்கவில்லையே என்று மேனேஜரே கேட்டாராம்.
அப்புறம் போலீஸ் சரிபார்ப்பில் ஒரு வரி வந்தது.
அப்புறம் போன் வரவில்லை.

அந்த வரி:
கொம்பையா என்கிற கம்பி.

பதினொன்றாம் வகுப்பு, சாயங்கால பஸ்.
கையில் கட்டிய கயிற்றின் நிறத்தில் தொடங்கி
பஸ் கண்ணாடியில் முடிந்த சண்டை.
என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை;
ஊர்ப் பெயரைச் சொன்னபோதே அதையும் சொல்லிவிட்டான்.
"எல்லாரும் எறிஞ்சாங்க மேடம்.
என் கையிலயும் கல்லு இருந்துச்சு.
கீழ போட்டேனா, எறிஞ்சேனான்னு
இப்ப எனக்கே தெரியல."

இளைஞர் நீதிக் குழுமம் கண்டித்து அனுப்பியது.
அன்றோடு முடிந்தது என்கிறது சட்டம்.
காகிதத்தையும் அழித்துவிடு என்கிறது.
எழுதுவதற்கு ஆள் இருந்த ஸ்டேஷனில்
அழிப்பதற்கு ஆள் இல்லை.

"கம்பின்னு யாரு வச்ச பேரு?"
"அக்கா, மேடம். சின்னதுல ஒல்லியா இருப்பேன்லா.
தீவாளிக்கு கம்பி மத்தாப்பைப் பிடிச்சுக்கிட்டு
தெரு முழுக்க ஓடுவேனாம்."
அன்று ராத்திரி கூட வந்த பயல் ஒருவன்
ஸ்டேஷன் பெஞ்சில் வைத்து அப்படிக் கூப்பிட்டிருக்கிறான்.
ஏட்டையா காதில் விழுந்திருக்கிறது.
ஆயுதம் என்ற கட்டத்துக்கு இரண்டு கட்டம் மேலே
மத்தாப்பு இரும்பாகிவிட்டது.

மனு எழுத உட்கார்ந்தேன்.
மறக்கச் சொல்லும் மனுவில்
முதல் இரண்டு பக்கமும் ஞாபகப்படுத்த வேண்டும்:
குற்ற எண், தேதி, பஸ்ஸின் தடம்,
உடைந்த கண்ணாடியின் விலை.
மூன்று நகல்.
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டான்,
தன்மேல் தானே புகார் கொடுப்பவன் மாதிரி.

"அழிச்சா அழிஞ்சிருமா மேடம்?"
காகிதம் அழியும் என்றேன்.
கம்ப்யூட்டருக்கு இன்னொரு கடிதம் போடலாம்.
ஊர்வாய்க்கு மனுப் போட
இந்த ஜில்லாவில் கோர்ட்டு இல்லை.
அதை மட்டும் சொல்லவில்லை.

முதல் வாய்தாவில் ஃபைல் வரவில்லை.
அடுத்ததில் ஃபைல் வந்தது, அரசுத் தரப்பு வரவில்லை.
ஆனி போய் ஆடி பிறந்தது.
"காத்து ஆரம்பிச்சிட்டு மேடம். இந்நேரம்
வேற ஆளு ஏறியிருப்பான்" என்றான்
கேன்டீன் டீயை ஆற்றிக்கொண்டே,
ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டே.

உத்தரவு ஒரே பக்கம்தான்.
நகல் வாங்க ஜன்னலுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.
உள்ளே இருந்து ஒரு அம்மா, கண்ணாடியை ஏற்றிவிட்டு,
"கொம்பையா" என்றார்.
இவன் எழவில்லை.
"கொம்பையா யாருப்பா?"
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.
மீதிப் பெயருக்காகக் காத்திருக்கிறான்.

மூன்றாம் தடவையும் அவ்வளவுதான் கூப்பிட்டார்.
அவன் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தான்.